கொள்கை ஆபிஸ் சுவரில், ஊழல் தராசில்

தோட்ட ஆபிஸ்களில் இப்போது ஒரு தாள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள், கம்பனிப் பெரியவரின் கையெழுத்தோடு இருக்கும். இலஞ்சம் வாங்க மாட்டோம், கொடுக்க மாட்டோம், ஊழலை எந்த வடிவத்திலும் பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில். மலையிலிருந்து கொழுந்து சுமந்து இறங்கும் நம் தாய்மார் அதை வாசிக்க வேண்டும் என்று நினைத்து யாரும் மாட்டியதாகத் தெரியவில்லை. வெளிநாட்டு வியாபாரி அனுப்பும் பரிசோதகரின் கண்ணில் பட வேண்டும் என்றுதான் மாட்டியிருக்கிறார்கள்.

தோழர்களே, அந்தத் தாளைக் கேலி செய்வதற்காக நான் இதை எழுதவில்லை. அதைச் சுவரிலிருந்து இறக்கி, கொழுந்து மடுவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லவே எழுதுகிறேன். ஏனென்றால் நம் வாழ்க்கையைத் தின்னும் ஊழல் தராசிலும் செக்ரோலிலும் நடக்கிறது. அந்தத் தாளோ அந்தப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

தாள் எங்கிருந்து வந்தது?

நம் கம்பனிகளுக்குத் திடீரென்று ஞானம் பிறந்து எழுதியது இல்லை இது. 2010ஆம் ஆண்டு பிரித்தானியா ஒரு இலஞ்சத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு கம்பனிக்காக வேலை செய்பவர் எந்த நாட்டில் இலஞ்சம் கொடுத்தாலும், அதைத் தடுக்கத் தக்க ஏற்பாடு வைத்திருந்ததாக நிரூபிக்காவிட்டால் கம்பனியே குற்றவாளி என்றது அந்தச் சட்டம். 2015இல் நவீன அடிமைமுறைத் தடைச் சட்டம் வந்தது. தன் வியாபாரத்திலும் வழங்கல் சங்கிலியிலும் அடிமைமுறை இல்லாதிருக்க என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று பெரிய கம்பனிகள் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வெளிநாட்டு வழங்குநரிடம் வேலை செய்யும் தொழிலாளியும் புகார் செய்ய ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்று அங்குள்ள பெரிய கம்பனிகளைக் கட்டாயப்படுத்தியது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமே ஒரு சட்டம் நிறைவேறியது. நிறைவேறிய கையோடு அதைத் தளர்த்தச் சொல்லி முதலாளிமார் நெருக்கத் தொடங்கியதும் உண்மை.

இந்தச் சட்டங்களுக்குப் பயந்து, தேயிலை வாங்கும் கம்பனிகள் 'வழங்குநர் நடத்தைக் கோவை' ஒன்றைத் தயாரித்தன. அது லண்டனிலிருந்தும் ஹம்பர்க்கிலிருந்தும் கொழும்பு ஏற்றுமதியாளருக்கு வந்தது. அவர் பெருந்தோட்டக் கம்பனிக்கு அனுப்பினார். கம்பனி தோட்டத்துக்கு அனுப்பியது. துரை கையெழுத்துப் போட்டார். அத்தோடு பயணம் முடிந்தது. ஆறாயிரம் மைல் வந்த காகிதத்தால் ஆபிஸிலிருந்து மடுவத்துக்கு உள்ள அரை மைலைக் கடக்க முடியவில்லை.

இரண்டு கிலோவின் கணக்கு

மடுவத்தில் தினமும் கேட்கிற பேச்சு இது.

"ஏங்கையா, தராசுல இருபத்தொண்ணுதானே காட்டிச்சு?"

"தண்ணி, சாக்கு எல்லாம் கழிச்சித்தான் போடுவேன். போ, போ, பின்னால ஆள் நிக்குது."

மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்கும், சாக்குக்கு எடை இருக்கும். நியாயமான கழிவை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வெயில் கொளுத்தும் மாசி மாதத்திலும் அதே இரண்டு கிலோ கழிந்தால் அதற்கு என்ன பெயர்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் வகுப்பில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள்கூடப் போட்டுவிடுவார்கள். ஒருவருக்கு நாளுக்கு 2 கிலோ, மாதம் 20 நாள் வேலை என்றால் 40 கிலோ. ஒரு டிவிசனில் 60 பேர் கொழுந்து எடுத்தால் 2400 கிலோ பச்சைக் கொழுந்து. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ கொழுந்து போகும் என்பது ஸ்டோரில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் ஒரே ஒரு டிவிசனில், ஒரே மாதத்தில், 500 கிலோவுக்கு மேற்பட்ட தூள் யாருடைய கூலியும் இல்லாமல் உற்பத்தியாகிறது.

தொழிலாளிக்கு ஆகும் நட்டம் அந்த இரண்டு கிலோவோடு நிற்பதில்லை. நோர்ம் 18 கிலோ என்று வைத்து, அது முடியவில்லை என்றால் அரைப்பேர் போடுகிற தோட்டங்கள் இருக்கின்றன. 19 கிலோ எடுத்தவருக்கு 2 கிலோ கழித்து 17 என்று எழுதினால், நாட்சம்பளத்தில் பாதி அன்றைக்குப் போய்விடும்; 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா சம்பளத்தில் அது 675 ரூபாவாக இருந்தது. பொழுதெல்லாம் மலையில் நின்றவர் அரை நாள் வேலை செய்தவராகப் புத்தகத்தில் மாறிவிடுகிறார்.

அந்தக் கொழுந்து எங்கே போகிறது? இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று, வேலைக்கே வராத ஒருவரின் பெயரில் எழுதப்படும். சம்பளம் வேறு யாரோ ஒருவரின் சட்டைப் பைக்குப் போகும். இதைக் கம்பனி கண்டுபிடித்தால் கணக்கப்பிள்ளையின் வேலை போகும், பொலிஸ் வரும், ஆபிஸ் சுவரில் உள்ள கொள்கை பாயும். மற்ற வழி, யார் பெயரிலும் எழுதாமல் நேராக ஸ்டோருக்குப் போகும். அப்போது இலாபம் கம்பனிக்கு. சுவரில் உள்ள கொள்கை அதைப் பற்றி வாய் திறக்காது. புத்தகத்தில் அதன் பெயர் 'கழிவு'.

எடுத்தவருக்கு இரண்டு வழியிலும் ஒரே நட்டம். கம்பனியிடமிருந்து எடுத்தால் ஊழல், தொழிலாளியிடமிருந்து எடுத்தால் கழிவு என்ற இந்தப் பிரிவினையைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும். கொடுக்கப்பட்ட அதிகாரத்தைத் தன் நயத்துக்குப் பயன்படுத்துவதுதான் ஊழல் என்று உலகமே வரைவிலக்கணம் சொல்கிறது. அந்த வரைவிலக்கணம் தராசு பிடிக்கிற கைக்கும் பொருந்தும், அந்தக் கைக்கு உத்தரவிடுகிற வாய்க்கும் பொருந்தும்.

பழைய வழங்குநர்

இது நமக்குப் புதிய அனுபவமும் இல்லை. பேராதனைப் பூங்காவில் 1824இல் முதல் தேயிலைச் செடி நடப்பட்டது. 1867இல் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் அதைத் தோட்டமாக்கினார். பேராதனையிலிருந்து கலஹா, தெல்தோட்டைக்கு ஏறும் பாதையில் இருக்கும் நமக்கு இந்தக் கதை வீட்டுக் கதை மாதிரி. ஆனால் அந்தக் கதையில் நம் ஆட்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதையும் நினைக்க வேண்டும்.

வெள்ளைக்காரத் துரை நேரடியாக ஆள் பிடிக்கவில்லை. பெரிய கங்காணி பிடித்துக் கொடுத்தார். இன்றைய பாஷையில் சொன்னால் அவர்தான் ஆட்களை வழங்கிய வழங்குநர். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு. கப்பல் செலவு, அரிசி, வழிச்செலவு எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை வாங்கிக்கொள்வார். கடன் மட்டும் தொழிலாளியின் தலையில் அப்படியே இருக்கும். கேட்டால், அது கங்காணிக்கும் கூலிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல், தோட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்றார்கள்.

துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பதில் ஒழியவில்லை. இன்றைக்கு வெளிநாட்டுத் தேயிலைக் கம்பனியிடம் கேட்டால், அது தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் இடையிலான விஷயம் என்கிறது. தோட்டத்திடம் கேட்டால், கொந்தராத்துக்காரருக்கும் அவர் ஆட்களுக்கும் இடையிலான விஷயம் என்கிறது. நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு கை கழுவுகிற வழக்கம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. பொறுப்பான வழங்குநர் முகாமைத்துவம் என்று அவர்கள் சொல்வதை நாம் ஒரே கேள்வியால் அளக்கலாம்: நடுவில் எத்தனை பேர் இருந்தாலும், கடைசியில் இலாபம் எடுப்பவர் பொறுப்பையும் எடுக்கிறாரா?

எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று தெரியாது என்ற சாக்கும் செல்லாது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் இன்றும் ஒவ்வொரு தொகுதியும் தோட்டத்தின் அல்லது ஸ்டோரின் மார்க்கோடுதான் விற்கப்படுகிறது. நாமே அச்சுக் குத்திய சாக்கில்தான் அது போகிறது. 2018இல் 'என் தேயிலையை எடுத்தது யார்?' என்று பிரித்தானியாவில் ஒரு இயக்கம் நடந்தது. அசாமில் எந்தெந்தத் தோட்டங்களிலிருந்து வாங்குகிறீர்கள் என்று கேட்டபோது டெட்லி, ட்வைனிங்ஸ், யோர்க்‌ஷயர் டீ போன்ற பெயர் பெற்ற கம்பனிகள் ஒவ்வொன்றாகப் பட்டியலை வெளியிட்டன. கேட்டால் கிடைக்கும். ஆனால் யாராவது கேட்க வேண்டும்.

பரிசோதனை நாளும் மற்ற நாட்களும்

பரிசோதகர் வரும் தேதி தோட்டத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அந்த வாரம் கக்கூசுக்குச் சுண்ணாம்பு, பிள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பாய், மருந்தடிக்கிறவர்களுக்குக் கையுறை. யார் பேச வேண்டும் என்பதும் முடிவாகிவிடும். பக்கத்தில் உத்தியோகத்தர் நிற்க, "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க" என்று ஒருவர் சொல்வார். வேறு என்ன சொல்ல முடியும்? பரிசோதகர் மாலையே வாகனம் ஏறிவிடுவார். நாளைக்குப் பிரட்டில் பெயர் போடுகிறவர் இங்கேதான் இருப்பார்.

2023 மே மாதம் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை, ஃபெயார்ட்ரேட் அல்லது ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் பெற்ற நம் நாட்டின் பத்துத் தோட்டங்களில் தொழிலாளர்களிடம் பேசிச் செய்தி வெளியிட்டது. சம்பளம் சாப்பாட்டுக்கே போதாததையும் குடியிருப்புகளின் கேட்டையும் அது எழுதிய பிறகுதான், டெட்லியும் லிப்டனும் தங்கள் வழங்குநர்களின் நிலைமையைப் பார்ப்பதாக அறிவித்தன. சான்றிதழ் கொடுத்தவர்களின் பரிசோதனைகளுக்குப் பிறகும் வெளியே வராததைத் தொழிலாளர்களிடம் நேராகப் பேசியவர்கள் வெளியே கொண்டுவந்தார்கள்.

அதே வருடம் பெப்ரவரியில் கென்யாவிலிருந்து இன்னும் கசப்பான செய்தி வந்தது. பிரித்தானியக் கம்பனிகளின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுப்பதற்கு விலையாக மேற்பார்வையாளர்கள் பெண்களின் உடலைக் கேட்டார்கள் என்று எழுபதுக்கு மேற்பட்ட பெண்கள் பிபிசியிடம் சொன்னார்கள். அந்தத் தோட்டங்களை நடத்திய கம்பனிகளிடமும் அழகான கொள்கைகள் எழுத்தில் இருந்தன. இதை நம் பெண்களுக்குத் தலைகுனிவான விஷயம் என்று மூடி வைக்கக் கூடாது. வேலையைக் கொடுக்கும் அதிகாரத்தை விற்பது ஊழல். பணமாகக் கேட்டாலும் உடலாகக் கேட்டாலும் தலைகுனிய வேண்டியவர் கேட்டவர்தான்.

அரசாங்கமும் ஒரு வழங்குநர்தான்

தனியார் கம்பனிகளைப் பற்றி மட்டும் பேசினால் கண்டி மாவட்டத்து ஆட்கள் சிரிப்பார்கள். 1992இல் மற்றத் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனபோது, இங்கே பல தோட்டங்கள் ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் தங்கிவிட்டன. இவ்விரண்டும் எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனியும் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியைச் செலுத்தாமல் நிலுவை வைத்த விஷயம் பாராளுமன்றத்தில் பல தடவை பேசப்பட்டது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி தன் பங்கு 12 வீதத்தைச் சேர்த்து, அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம் முதலாளியுடையது. தாமதித்தால் தண்டப்பணம். இதில் 8 வீதம் நம் கையிலிருந்து பிடித்த காசு. பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவதை 'நிதி நெருக்கடி' என்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதில் தோட்டத்தை விட்டு விலகி, அந்தக் காசுக்காக ஆபிஸ் ஆபிஸாக ஏறி இறங்கும் தாத்தாவிடம் போய் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கட்டும்.

வாங்குகிறவரின் விலை

வெளிநாட்டுக் கம்பனிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தவறு வெளியே வந்ததும் 'இந்தத் தோட்டத்திடம் இனி வாங்க மாட்டோம்' என்று அறிவித்துவிட்டுப் போவது அவர்களுக்கு எளிது. ஏலத்தில் வேறு மார்க் இருக்கும். ஆனால் இங்கே வேலை நாள் குறையும், வாய் திறந்த தொழிலாளிதான் முதலில் பட்டினி கிடப்பார். அடுத்த தடவை யார் பேசுவார்கள்?

வாங்குவதை நிறுத்துவது கடைசி ஆயுதமாக இருக்க வேண்டும். முதலில் திருத்தத்துக்குக் காலக்கெடு, பறிபோன கூலிக்கு நட்டஈடு, புகார் செய்தவருக்குப் பாதுகாப்பு என்று நிபந்தனை போட்டு, அது நடக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். விலையைப் பற்றியும் பேச வேண்டும். மிகக் குறைந்த விலைக்குத் தேயிலையையும் மிக உயர்ந்த நடத்தைக் கோவையையும் ஒரே நேரத்தில் கேட்டால், அந்த வித்தியாசத்தை யாரோ ஒருவர் தராசில்தான் சரிக்கட்டுவார்.

நமக்கும் இதே அளவு

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் வீட்டைக் கூட்டாமல் விட முடியாது. வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர்க்கக் காசு கேட்ட தலைவர்களைப் பற்றி எல்லாச் சங்கங்களிலும் பேச்சு இருக்கிறது. தன் குடும்பத்துக்கு இலேசான வேலை வாங்கிக்கொண்டு துரையிடம் வாய் மூடிப்போன கதைகளும் உண்டு. கணக்கப்பிள்ளையிடம் நாம் கேட்கிற கேள்வியை உறுப்பினர்கள் நம்மிடம் கேட்க உரிமை உண்டு. சந்தாக் கணக்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். அது நடக்காத இடத்தில் கம்பனியின் கொள்கையைப் பற்றிப் பேச நமக்கு வாய் இருக்காது.

இப்போது கையில் உள்ளவை

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்த வருடம் செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் அரச உத்தியோகத்தர்தான் முக்கிய இலக்கு. புதிய சட்டத்தில் தனியார் துறையில் நடக்கும் இலஞ்சமும் குற்றம். பாலியல் சலுகை கேட்பதும் இலஞ்சமாகவே கொள்ளப்படும். தகவல் கொடுப்பவருக்குப் பாதுகாப்பும் சொல்லப்பட்டிருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. ஆனால் தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பதும் குற்றம். ஆகவே கோபத்தோடு போகாமல் ஆதாரத்தோடு போக வேண்டும்.

ஆதாரம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். அன்றன்றைக்குத் தராசு காட்டிய கிலோவையும் புத்தகத்தில் எழுதிய கிலோவையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டை வாசித்துக் காட்டவும் சொல்லுங்கள். மூன்று மாதம் பத்துப் பேர் குறித்து வைத்தால், அது எந்த விசாரணை மேசையிலும் பேசும்.

வியாபாரத்துக்குப் பயன்படும் தராசை அளவீட்டு அலகுகள், நியமங்கள் திணைக்களத்தார் பரிசோதித்து முத்திரையிட வேண்டும். முத்திரை இல்லாத தராசைக் கண்டால் கண்டிக் கச்சேரியில் முறையிடலாம். சேமலாப நிதி நிலுவைக்குத் தொழில் திணைக்களம் இருக்கிறது. அரசாங்கத் தோட்டமாக இருந்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், எங்கள் பணம் எந்த மாதம் வரை கட்டப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நமது கோரிக்கைகள்

1. ஊழல் தடுப்புக் கொள்கையும் வழங்குநர் நடத்தைக் கோவையும் தமிழில் மடுவத்தில் ஒட்டப்பட்டு, பிரட்டில் வாசித்துக் காட்டப்பட வேண்டும்.

2. தராசின் இலக்கம் எடுத்தவருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் துண்டு கொடுக்க வேண்டும். கழிவு எவ்வளவு, எதற்கு என்று அதில் தனியாக எழுத வேண்டும்.

3. தொழிலாளியின் கூலியைக் குறைக்கும் பொய்ப் பதிவு, அதன் இலாபம் கம்பனிக்கே போனாலும், ஊழல் என்று கொள்கையிலேயே எழுதப்பட வேண்டும்.

4. புகார், யார் மீது சொல்லப்படுகிறதோ அவர் கை வழியாகப் போகக் கூடாது. பெண்களின் புகாரைப் பெண்ணிடமே சொல்ல வழி வேண்டும்.

5. பரிசோதகர் பேசும் ஆட்களில் பாதிப் பேரைச் சங்கங்களும் மாதர் சங்கமும் தெரிவு செய்ய வேண்டும். பேச்சு தோட்டத்துக்கு வெளியே, உத்தியோகத்தர் இல்லாமல் நடக்க வேண்டும்.

6. சேமலாப நிதி கட்டிய மாத விபரம் ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் இருக்க வேண்டும். நிலுவை உள்ள தோட்டத்திடம் வாங்குகிறவர்கள் அதைக் கட்டி முடிக்கும்படி காலக்கெடு போட வேண்டும்.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் இந்த ஆறையும் வாசித்து, உங்கள் தோட்டத்துக்கு எது அவசரம் என்று முடிவு செய்து பிரதேசக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வரும்போது அந்தக் கொப்பிகளையும் கொண்டு வாருங்கள்.